கடைசி அங்கத்தை யார் சொல்வது?

எனக்கு ரோஷம் அதிகம். "இது உனக்கு வராது" என்று யாராவது சொல்லிவிட்டால், அது எனக்குத் தேவையே இல்லாத காரியமாக இருந்தாலும், அதைக் கற்றுக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிற்காமல் எனக்குச் சோறு இறங்காது. சைக்கிள் அப்படித்தான் ஓட்டக் கற்றேன். முறுக்குப் பிழிவதும் அப்படித்தான் வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பழைய இங்கிலீஷ் நாடகங்களின் மேல் போய் விழுந்ததற்கும் அந்த ரோஷம்தான் காரணம். பெரிய இலக்கிய தாகம் என்றெல்லாம் சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டெம்பரரி. எம்.ஏ. முடித்தால் பதினொன்றாம் வகுப்பு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே அஞ்சல் வழியில் சேர்ந்தேன். தமிழ் வழியில் படித்து வந்தவள் நான். ஆனாலும் கவிதைத் தாள், நாவல் தாள், மொழி வரலாறு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தாண்டிவிட்டேன். பழைய நாடகத் தாள் மட்டும் நகர மறுத்தது. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. மூன்றாவது முறைதான் கடைசி. படிப்புக்கென்று கொடுத்திருந்த காலம் அதோடு முடிகிறது. அதிலும் போனால் தேறிய தாள்களும் சேர்ந்து செல்லாமல் போய்விடும், திரும்பவும் முதலிலிருந்து சேர வேண்டும். அந்த வயதில், அந்தப் பொறுமையில், நான் திரும்பச் சேர மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

முதல் முறை போனதற்குக் காரணம் சொற்கள். அந்த நாடகத்தில் வருகிற இங்கிலீஷ் நான் பார்த்த இங்கிலீஷே இல்லை. 'ப்ரிதீ' என்கிறான் ஒருவன், 'அனான்' என்கிறான் இன்னொருவன். 'ப்ரிதீ' என்றால் தயவுசெய்து. 'அனான்' என்றால் இதோ வந்துவிட்டேன். சரி, மனப்பாடம் செய்துவிடலாம் என்று இறங்கினேன். சொற்களைத் துண்டுத் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரெல்லாம் ஒட்டினேன். மிக்ஸிக்கு மேலே 'மெத்திங்க்ஸ்', அதாவது எனக்குத் தோன்றுகிறது; உப்பு ஜாடிக்கு மேலே 'வேர்ஃபோர்', அதாவது எதற்காக. குழம்பு கொதிக்கும் நேரத்தில் ஒரு சுற்று ஒப்பித்துவிடுவேன். நீராவியில் பசை விட்டு ஒரு நாள் 'சீ' என்று பொருள்படும் 'ஃபை' ரசத்திலேயே விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டு ரசத்தைப் பரிமாறினேன்.

இரண்டாவது முறை போனதற்குக் காரணம் எனக்குத் தெரிந்த சொற்கள். தெரியாத சொல்லாவது 'எனக்குப் பொருள் தெரியாது' என்று நேர்மையாக நிற்கிறது. தெரிந்த சொல்தான் கழுத்தை அறுக்கிறது. 'ப்ரெசென்ட்லி' என்றால் தற்போது என்று நினைத்து வாசித்துக்கொண்டே போனேன். பழைய நாடகத்தில் அது உடனே, இந்தக் கணமே. 'ஃபாண்ட்' என்றால் பிரியம் என்று எழுதினேன். அங்கே அது புத்திகெட்டத்தனம். நம் பழைய நூல்களில் தலைவனைக் கிழவன் என்று சொன்னால் இன்றைக்குப் படிக்கிற பிள்ளை தாடி நரைத்த ஆளை நினைத்துக்கொள்வது மாதிரிதான் நானும் போய் மாட்டிக்கொண்டேன். ஒரு பெண் தன் அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசும் காட்சியை, அவள் பாசத்தைப் பொழிவதாக இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். திருத்தியவர் என்ன நினைத்தாரோ.

கடலூரில் தொடர்பு வகுப்பு நடக்கும். அங்கே பாடம் எடுக்க வந்தவர் நல்ல மனிதர்தான், அதிர்ந்து பேச மாட்டார். என் சந்தேகங்களையெல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், நீங்க தமிழ் மீடியம். இந்தப் பேப்பரைப் புரிஞ்சிக்க ட்ரை பண்ணாதீங்க. கைடு வாங்குங்க, சம்மரியை மனப்பாடம் பண்ணுங்க, பாஸ் மார்க் வந்துடும்" என்றார். அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் புரிந்துகொள்ள முயற்சி செய்யாதே என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. வடலூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. புரியாமல் பாஸ் பண்ணுவதில்லை என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

எதிர்க் குவார்ட்டர்ஸில் இருக்கும் தங்கையிடம் சொன்னேன். சொந்தத் தங்கை இல்லை. கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். இதே எம்.ஏ.வை எனக்கு முன்னால் எழுதி, கைடு படித்தே முடித்துவிட்டவள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எதுக்குக்கா இந்த வீம்பு? விளக்கம் எழுதச் சொல்ற கேள்விய விட்டுடுங்க, கட்டுரை மட்டும் எழுதுங்க."

"விட்டா பாஸ் மார்க்குக்கே இழுக்கும்டி."

"அப்ப முதல் நாலு அங்கம் மட்டும் பாருங்க. அஞ்சாவதுல இருந்து கேட்டதே இல்லக்கா. நான் பழைய கேள்வித்தாள் எல்லாம் பார்த்துட்டேன்."

அந்த ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பள்ளி வேலை, வீட்டு வேலை இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் நாலு அங்கமே மலையாகத்தான் இருந்தது.

நாடகத்தின் பெயரைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. கதை நமக்குத் தெரிந்த கதைதான். அப்பா செத்துப்போகிறார். பெரிய வீடு. அண்ணன் எடுத்துக்கொள்கிறான். தங்கையை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். தங்கை சும்மா இருக்கிற ரகமில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு வேலைக்காரன் செய்தி கொண்டுபோய்க்கொண்டும் கொண்டுவந்துகொண்டும் இருக்கிறான். கைடில் இவ்வளவும் இருந்தது. ஆனால் நாடகத்தைத் திறந்தால் யார் கோபப்படுகிறார்கள், யார் கிண்டல் செய்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்பதே பிடிபடவில்லை.

ஒரு நாள் மத்தியானம். பள்ளி விடுமுறை. கண்ணால் படித்துப் படித்துச் சலித்துப்போய், வாய்விட்டுப் படித்தால் என்ன என்று தோன்றியது. எழுந்து நின்று, தங்கை அண்ணனோடு மல்லுக்கு நிற்கும் காட்சியை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். பாதி சொற்கள் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன என்று கத்தினேன். அவள் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு பரிதாபம் இருந்தது, என் எரிச்சலும் அதோடு சேர்ந்துகொண்டது.

என் வீட்டுக்காரர் மைன்ஸில் வேலை செய்கிறார். முத்தாண்டிக்குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. நானும் அந்தப் பக்கம்தான். அன்றைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்தவர், என் சத்தம் தெரு வரைக்கும் கேட்டதும் ஓட்டமாக வந்திருக்கிறார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா ஆச்சி? யார்கிட்ட சண்ட போட்டுகினு இருக்க?"

"யார்கிட்டயும் இல்லீங்க. படிக்கிறேன்."

"படிக்கிறதா? எதுத்த வூட்டுப் பொண்ணுகிட்ட எதுனா தகராறோன்னு நான் ஓடியாறேன். இன்னா பேசிகினு இருந்த?"

"இது நாடகம். ஒருத்தி அவ அண்ணன்கிட்ட சண்ட போடறா."

"இன்னா சண்ட? வூட்டுச் சண்டயா?"

இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாது அவருக்கு. 'வூட்டுச் சண்டை' என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

"இதுல இன்னா இருக்குது? அண்ணன் தங்கச்சி இவ்ளோ கத்தணும்னா வேற எதுக்குக் கத்துவாங்க?" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

அவர் முகம் கழுவி வருவதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதை அம்மன் கோயிலில் கூத்து நடக்கும். சின்ன வயதில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் இருந்து பாடிக்கொண்டு வருவார். அந்தப் பாட்டின் தமிழ் எனக்கு எங்கே புரிந்தது? ஆனால் கதை முழுக்கப் புரிந்தது. புரியவைத்தவர் கட்டியங்காரன். ராஜா பாடி முடித்ததும் அவர் குறுக்கே வந்து, "யாருப்பா நீ? எந்த ஊரு? எதுக்கு இந்தக் குதி குதிக்கிற?" என்று எங்களுடைய பேச்சிலேயே கேட்பார். ராஜாவாக இருந்தாலும் நின்று பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் கேட்கிற கேள்விகளை நானே கேட்டது போல இருக்கும்.

எனக்கு வேண்டியது அகராதி இல்லை, ஒரு கட்டியங்காரன். இதோ ஒருவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நிற்கிறார். நான் படிக்கும்போது கூட உட்கார்ந்து கேள்வி கேட்கச் சொன்னேன்.

"எனுக்கு இங்கிலீஷ் இன்னா தெரியும்?" என்றார்.

"தெரியாததுதான் வேணும். தெரிஞ்ச ஆளா இருந்தா நீங்களே சொல்லிடுவீங்க. உங்களுக்குப் புரியற வரைக்கும் என்னை விடக்கூடாது. அவ்ளோதான் உங்க வேலை."

"சாப்ட்டுட்டுக் கேக்கட்டுமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஒரு பேச்சை இங்கிலீஷில் வாய்விட்டுப் படிப்பேன். அவர் கேட்பார். யார் பேசுவது, யாரிடம், என்ன வேண்டுமாம் அவனுக்கு, கேட்டவன் என்ன செய்கிறான். நான் தமிழில் பதில் சொல்ல வேண்டும். கைடு தமிழ் செல்லாது, அவருக்குக் கோபம் வந்துவிடும். 'அவன் தன் ஆதங்கத்தை வெளிப்படுத்துகிறான்' என்று ஒரு நாள் சொன்னேன். "அப்டின்னா? கத்துறானா, அய்வுறானா, அத்த சொல்லு" என்றார். திரும்பப் புத்தகத்துக்குப் போனேன். கத்துவதும் இல்லை, அழுவதும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகப் பேசுகிறான் என்று அப்போதுதான் பார்த்தேன். நாலு தடவை படித்த பக்கம் அது.

இன்னொரு பழக்கம் அவருடைய மைன்ஸிலிருந்து வந்தது. அங்கே ஷிப்ட் முடிந்தவர், அடுத்து வருகிற ஆளிடம் நிலவரம் சொல்லாமல் இடத்தை விட்டு இறங்கக் கூடாது. கரி போகிற பெல்ட் ஓடுகிறதா நிற்கிறதா, தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது, எது சத்தம் போடுகிறது, எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆளைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதையே என்னிடமும் ஆரம்பித்தார். புதுக் காட்சிக்குப் போவதற்கு முன்னால், "நெலவரம் சொல்லு" என்பார். இப்போது மேடையில் யார் இருக்கிறார்கள், யார் வெளியே போனார்கள், போனவர்கள் என்ன மனதோடு போனார்கள் என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் பழைய காட்சியிலேயே நிறுத்திவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லா நாளும் நன்றாகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். நைட் ஷிப்ட் வாரங்களில் பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். தங்கை கண்ணீர் விட்டு மன்றாடும் இடத்தில் குறட்டை கேட்கும். புத்தகத்தால் தோளில் தட்டுவேன். "கேட்டுகினுதான் இருக்கேன்" என்பார் கண்ணைத் திறக்காமல். சில நாள் வேண்டுமென்றே அண்ணன் கட்சி பேசுவார். "அப்பன் அவன் பேர்லதான எய்தி வெச்சிருக்கான்? இவளுக்கு இன்னா அங்க வேல?" என்பார். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிடும். தங்கைக்காக வக்கீல் மாதிரி புத்தகத்திலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துப் போட்டு வாதாடுவேன். வாதாடி முடித்த பிறகு பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தக் காட்சி முழுக்க எனக்கு மனதில் ஏறியிருக்கும். கட்டியங்காரனின் வேலையே ராஜாவைச் சீண்டுவதுதானே.

அவர் ஒரு தடவைகூட என்னிடம் 'போதும் விடு' என்று சொன்னதில்லை. மைன்ஸில் அவர் காண்ட்ராக்ட்டில் கிடந்த வருஷங்கள் அதிகம். கூட வந்தவர்களில் பாதிப் பேர் சலித்துப்போய் வேறு வேலைக்குப் போனார்கள். இவர் போகவில்லை, பர்மனென்ட் ஆனார். ஒரு நாள் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இது எனக்கு வராதுங்க" என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். அவர் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. "வர்லன்னா திரும்பப் படி. எனுக்கும் அது புரியல" என்றார். திரும்பப் படித்தேன். எனக்கு அழுகை வந்தது, அதோடேயே படித்தேன்.

மெல்ல மெல்ல ஒன்று விளங்கியது. சொல்லைப் பிடித்துக்கொண்டு காட்சிக்குள் போக முடியாது. காட்சிக்குள் போய்விட்டால் சொல் தானே வழிக்கு வருகிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு 'கோ டூ' என்கிறாள் என்றால், எங்கேயோ போகச் சொல்கிறாள் என்று தேட வேண்டியதில்லை. 'அட போ, போதும்' என்கிறாள். எங்கள் வீட்டில் நானே தினமும் சொல்வதுதான். வேலைக்காரன் பாதி வழியில் நின்று 'சாஃப்ட்' என்றால், மென்மை எங்கிருந்து வந்தது? 'இரு, இரு, யாரோ வர்றாங்க' என்கிறான். சுவரில் ஒட்டியிருந்த துண்டுத் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து எடுத்தேன். சமையலறை பழையபடி சமையலறை ஆயிற்று.

தேர்வு பண்ருட்டியில் ஒரு கல்லூரியில். பலாப்பழக் காலம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்தே வாசனை. வீட்டுக்காரர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். கல்லூரி வாசலில் விட்டுவிட்டு, "பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்" என்று போனார்.

கேள்வித்தாளைத் திருப்பினேன். விளக்கம் எழுத வேண்டிய பகுதி நீளமாக இருந்தது. படித்தேன். இன்னொரு முறை படித்தேன். நான் பார்த்ததே இல்லாத வரிகள். பேசுகிறவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள்தான். தங்கையும் அந்த வேலைக்காரனும். ஆனால் இந்த இடம் எனக்குத் தெரியாது. ஐந்தாம் அங்கம். கேட்கவே மாட்டார்கள் என்று எதிர்வீட்டுப் பெண் சொன்ன அங்கம். அவளை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். அவளைத் திட்டி என்ன, விட்டவள் நான்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஏற்கெனவே எழுத ஆரம்பித்துவிட்டாள். அவள் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. இந்தக் கேள்வியைத் தாண்டினால் மிச்சத்தை எழுதிவிடலாம். இதை விட்டால் மிச்சம் என்ன எழுதினாலும் போதாது. மறுபடி சேர மாட்டேன் என்றும் தெரியும்.

கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். நெலவரம் சொல்லு.

யார் இருக்கிறார்கள்? தங்கை வெளியே, வீட்டு வாசலில். மழை பெய்கிறது, நனைந்ததாகச் சொல்கிறாள். வேலைக்காரன் உள்ளே. எதையோ திறந்துவிட்டு, வாருங்கள் என்று கூப்பிடுகிறான். அவன் திறந்தது 'விக்கெட்' என்று இருந்தது. டவுன்ஷிப்பில் மைதானத்துக்கு மைதானம் நட்டு வைத்திருக்கிற விக்கெட்தான் எனக்குத் தெரியும். அந்தக் காலத்து வீட்டு வாசலில் கிரிக்கெட் எங்கே வந்தது? அதை அப்படியே ஓரமாக வைத்தேன்.

அவள் என்ன செய்கிறாள்? உள்ளே போகவில்லை. இங்கேதான் வீட்டுக்காரர் குரல் எனக்குக் கேட்டது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல. "தொறந்துதான வெச்சிருக்கான்? மழ பெய்து. உள்ள போவ வேண்டியதுதான? ஏன் போவல?"

ஏன் போகவில்லை? நாலு அங்கமும் அந்த வீட்டுக்குள் போவதற்காகவே அலைந்தவள். திறந்தும் ஏன் நிற்கிறாள்? அடுத்த வரியைப் பார்த்தேன். அதில் 'ஸ்டூப்' என்ற சொல் இருந்தது. அது எனக்குத் தெரியும், குனிவது. குனிய மாட்டேன் என்கிறாள். உள்ளே போவதற்கு எதற்குக் குனிய வேண்டும்? கதவு சின்னதாக இருந்தால் குனிய வேண்டும். பெரிய வீட்டில் எப்படிச் சின்னக் கதவு?

கோயில்களில் பார்த்திருக்கிறேனே. பெரிய கதவைத் திறக்காமல், அதிலேயே ஆள் நுழைய மட்டும் ஒரு சின்னக் கதவு இருக்கும். திட்டிவாசல். தலையைக் குனிந்துதான் நுழைய முடியும். வேலைக்காரன் திறந்த 'விக்கெட்' அதுதான். அண்ணன் பெரிய கதவைத் திறக்கச் சொல்லவில்லை. திட்டிவாசலைத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறான். வேலைக்காரர்கள் போகிற வழியாக வா என்கிறான். அவள் மழையில் நிற்கிறாள். அப்பா வீட்டுக்குள் குனிந்து வர மாட்டேன், பெரிய கதவைத் திறக்கச் சொல் என்கிறாள். பகுதி அதோடு முடிந்துவிட்டது.

தேர்வு எழுத வந்திருக்கிறேன் என்பதே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. பிறகு பேனாவை எடுத்தேன். யார், யாரிடம், எந்த மனதோடு, ஏன். எனக்குத் தெரிந்த எளிய இங்கிலீஷில் எழுதினேன். இரண்டு சொற்கள் கடைசி வரைக்கும் தெரியவில்லை. அவற்றைத் தெரிந்த மாதிரி எழுதவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். அவர் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் அம்மாள், காலடியில் சாக்கில் சுற்றிய பலாப்பழம். என்னைப் பார்த்ததும் அவர் எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை.

"நெலவரம் சொல்லு."

உட்கார்ந்து சொன்னேன். மழை, வாசல், வேலைக்காரன், திட்டிவாசல். நடுநடுவே அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன். ஒரு கேள்விக்கும் நான் தடுமாறவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மார்க் என்ன வந்தாலும் சரி, எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை, குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பலாப்பழத்து அம்மாள் எங்கள் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, யாரு வூட்டு சமாச்சாரம் இது? உங்க சொந்தமா?"

"இல்லம்மா. கதை. நாடகத்துல வருது."

"கதயா? சரி, இன்னா ஆச்சி? அந்தப் பாவி பெரிய கதவத் தொறந்தானா இல்லியா?"

எனக்குத் தெரியவில்லை. கேள்வித்தாள் அதோடு நின்றுவிட்டதே. "தெரியலம்மா, நான் இன்னும் படிக்கல" என்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எந்தத் தேர்வாளரும் என்னை அப்படிப் பார்த்திருக்க முடியாது.

"இவ்ளோ சொன்ன, அத்த தெரிஞ்சிக்காம வந்துட்டியேம்மா. மழைல நிக்குதே அந்தப் பொண்ணு" என்றார். அதற்குள் விழுப்புரம் பஸ் வந்துவிட்டது. சாக்கை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடி ஏறினார். ஜன்னல் வழியாக ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

தேர்வு முடிவு வந்த அன்று வீட்டுக்காரர் ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருந்தார். எதிர்வீட்டுப் பெண்தான் போனில் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு, "அஞ்சாவது அங்கம் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன்க்கா" என்று அழுதாள். பாஸ் ஆன சந்தோஷத்தில் அவளை மன்னித்துவிட்டேன். பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். பர்மனென்ட் பற்றிக் கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கட்டும். நானும் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

மத்தியானம் அவர் வந்தார். வாசலிலேயே சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. மண் பட்டுவிட்டது என்று துடைத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும், வழக்கமாக உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"எடுத்துகினு வா."

"எதைங்க?"

"பொஸ்தகத்த."

"பரீட்சதான் முடிஞ்சிடுச்சே."

"உனுக்கு முடிஞ்சிது. எனுக்கு எங்க முடிஞ்சிது? அந்தப் பொண்ணு மழைலயே நிக்குது."

ஐந்தாம் அங்கத்தைத் திறந்தேன். மார்க் போட யாரும் இல்லை. நிதானமாக வாய்விட்டுப் படித்தேன். அவர் கேட்டார், நான் சொன்னேன். வேலைக்காரன் உள்ளே ஓடுகிறான், வருகிறான், கெஞ்சுகிறான். அவள் அசையவில்லை. அண்ணன் உள்ளேயிருந்து கத்துகிறான். பிறகு சத்தத்தைக் காணோம். கடைசியில் தாழ்ப்பாள் இழுக்கிற சத்தம். பெரிய கதவின் இரண்டு பக்கமும் திறக்கிறது. அவள் தலைநிமிர்ந்து உள்ளே போகிறாள். வீடு யாருக்கு என்று நாடகம் சொல்லவில்லை, எழுதியவன் அதோடு முடித்துவிட்டான்.

நான் புத்தகத்தை மூடினேன். பிறகு அவர்தான் கேட்டார்.

"தொறந்துட்டான்னு அந்தப் பலாப்பழத்து அம்மாவுக்கு யாரு சொல்றது?"

அதற்குப் பிறகு பண்ருட்டிக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கல் பெஞ்சுப் பக்கம் போய்ப் பார்க்கிறேன். விழுப்புரம் பஸ் நின்றால் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் கிடைக்கவில்லை. கிடைப்பார், நானும் விடுவதாக இல்லை.